கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு துப்பறிவாளி

நான் படித்த பிரதியில் எனக்கு முன்னால் படித்த யாரோ பென்சிலால் கோடு போட்டுவைத்திருந்தார்கள். முதல் அத்தியாயத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக வந்து அறிமுகமாகிறார்கள். அதில் ஒரே ஒரு பெயருக்குக் கீழே மட்டும் இரட்டைக் கோடு. ஓரத்தில் ஒரு சின்ன ஆச்சரியக்குறி வேறு.

மர்ம நாவலுக்கு இதைவிடப் பெரிய துரோகம் கிடையாது. இருபத்திரண்டு வருஷம் நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கியவள் நான். எண்ணெய்க் கறை, முனை மடித்த பக்கம், நடுவில் மருந்துச் சீட்டு, பாதியில் நின்ற காதல் கடிதம் எல்லாம் பார்த்தாயிற்று. ஆனால் கொலைகாரரைக் காட்டிக்கொடுக்கிற பென்சிலைக் கண்டால் மட்டும் இன்றைக்கும் வயிறு எரியும். சரி, தெரிந்தே படித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

புத்தகம், ஷார்லேன் ஹாரிஸ் எழுதிய 'ரியல் மர்டர்ஸ்'. அரோரா டீகார்டன் என்ற நூலகர் துப்பறியும் வரிசையில் முதலாவது. 1990இல் வந்தது. 2003க்குள் எட்டு நாவல்கள். அப்புறம் 13 வருஷம் சத்தமே இல்லை. 2016இல் ஒன்று, 2017இல் ஒன்று. ஆக மொத்தம் பத்து. ஹாரிஸ் என்றதும் பலருக்கு ரத்தக் காட்டேரிகள்தான் ஞாபகம் வரும். 'ட்ரூ பிளட்' என்ற தொலைக்காட்சித் தொடர் அவருடைய வேறொரு வரிசையிலிருந்து வந்ததுதான். அங்கே ரத்தம் குடிக்க வைத்தவர் இங்கே நிதானமாகக் கதை சொல்கிறார். பத்தையும் இரண்டு மாதத்தில் படித்து முடித்தேன். நடுவில் இரண்டை முடித்தது பிடிவாதத்தால் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த வகைக்கு ஆங்கிலத்தில் 'கோஸி' என்று பேர். கொலை உண்டு, குரூரம் பெரும்பாலும் பக்கத்துக்கு வெளியே நடந்து முடிந்திருக்கும். சின்ன ஊர், எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். துப்பறிகிறவர் போலீஸில் இல்லாதவர். பேக்கரி நடத்துவார், தோட்டம் போடுவார், ஸ்வெட்டர் பின்னுவார். நூலகர்களும் நிறைய. ஏன் நூலகர் என்பதற்கு என்னிடம் ஒரு விளக்கம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

அரோரா டீகார்டனை எல்லோரும் ரோ என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாவலில் வயது 28. உயரம் ஐந்தடிக்கும் குறைவு. கனத்த கண்ணாடி, அடங்காத சுருட்டை முடி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்குப் பக்கத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் லாரன்ஸ்டன் என்ற கற்பனை ஊரின் பொது நூலகத்தில் வேலை. அம்மா ஐடா ரியல் எஸ்டேட்டில் கொடிகட்டிப் பறக்கிறவர். உடையில் ஒரு சுருக்கம் இருக்காது, பேச்சில் ஒரு தடுமாற்றம் இருக்காது. அப்படிப்பட்ட அம்மாவுக்கு இப்படி ஒரு மகள். இருவரும் சேர்ந்து வரும் காட்சிகளில் அதிகம் பேசிக்கொள்வதே இல்லை. ஆனால் அம்மாவின் ஒரு பார்வையில் மகள் தன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்கிறாள். எனக்கு அது போதும்.

ரோவுக்கு ஒரு வினோதமான பொழுதுபோக்கு. ஊரில் ஒரு சங்கம் இருக்கிறது. மாதம் ஒருமுறை கூடி, உண்மையில் நடந்த பழைய கொலை வழக்கு ஒன்றை அக்குவேறு ஆணிவேறாக அலசுவார்கள். நாவல் தொடங்கும்போது ரோ கண்ணாடி முன்னால் நின்று அன்றைய இரவு ஆற்றப்போகும் உரையை ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறாள். தலைப்பு, வாலஸ் வழக்கு. கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குப் போனால் சங்க உறுப்பினர் ஒருத்தி செத்துக்கிடக்கிறாள். சும்மா இல்லை. ரோ எந்த வழக்கைப் பற்றிப் பேச வந்தாளோ, அதே வழக்கில் இறந்த பெண் கிடந்த மாதிரியே கிடத்தப்பட்டிருக்கிறாள்.

வாலஸ் வழக்கைத் தெரியாதவர்களுக்காக இந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போகலாம், ஏனென்றால் நாவலின் பாதிச் சுவை இதில்தான் இருக்கிறது. 1931 ஜனவரி 19, லிவர்பூல். வில்லியம் ஹெர்பர்ட் வாலஸ் என்ற இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வழக்கமாகச் சதுரங்கம் ஆடப்போகும் கிளப்புக்கு ஒரு போன் வருகிறது. அவர் அப்போது அங்கே வந்து சேரவில்லை. குவால்ட்ரோ என்று பேர் சொன்ன ஒருவர், மறுநாள் மாலை ஏழரை மணிக்கு மென்லவ் கார்டன்ஸ் கிழக்கு, 25ஆம் எண் வீட்டுக்கு வாலஸை வரச்சொல்லித் தகவல் விடுகிறார். மறுநாள் வாலஸ் டிராம் மாறி டிராம் ஏறிப் போய்த் தேடுகிறார். மென்லவ் கார்டன்ஸ் வடக்கு இருக்கிறது, தெற்கு இருக்கிறது, மேற்கு இருக்கிறது. கிழக்கு இல்லவே இல்லை. போலீஸ்காரரைக்கூட நிறுத்தி விசாரித்துவிட்டு வீடு திரும்பினால், மனைவி ஜூலியா முன்னறையில் மண்டை உடைந்து கிடக்கிறார். ஜூரி வாலஸையே குற்றவாளி என்றது, தூக்குத் தண்டனை விதித்தார்கள். சில வாரங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியம் போதாது என்று தீர்ப்பை ரத்துசெய்தது. அப்பீலில் கொலைத் தீர்ப்பொன்று அந்தக் காரணத்துக்காக ரத்தானது அங்கே பெரிய செய்தி. 1933இல் வாலஸ் இறந்துபோனார். யார் கொன்றது என்பது இன்றுவரை முடிவாகவில்லை.

இல்லாத தெருவைத் தேடி அலைந்த ஒரு மனுஷன். அந்த மனுஷன் அப்பாவியா, அல்லது அந்தப் போனே அவர் செய்த நாடகமா? இதைப் பேசப்பேச அலுக்காது. ஹாரிஸ் இந்த வழக்கைக் கையில் எடுத்ததே பாதி வெற்றி. அதற்கப்புறம் ஊரில் நடக்கும் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு பழைய வழக்கின் நகலாக வருகிறது. 1793இல் பாரிஸில் குளியல் தொட்டியில் குத்தப்பட்ட பிரெஞ்சுப் புரட்சிக்காரர் மாராவும் வருகிறார், 1892இல் மாசசூசெட்ஸில் நடந்த கோடாலிக் கொலைகளும் வருகின்றன. எதற்கு எது நகல் என்று சட்டென்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அவர்களில் ஒருவர்தான் செய்துகொண்டும் இருக்கவேண்டும். ரோவும் அந்தப் பட்டியலில் ஒருத்தி என்பதால் போலீஸ் அவளையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறது.

இப்போது ஏன் நூலகர் என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

என் அனுபவத்தில் நடந்த ஒன்று. ஒரு வருஷக் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போது பார்த்தால், மர்ம நாவல் அடுக்கில் ஏழு புத்தகங்களில் கடைசித் தாளைக் காணோம். கிழித்த மாதிரியும் இல்லை. தையலை ஒட்டி, ஸ்கேல் வைத்து, பிளேடால் சீராக எடுத்திருந்தார்கள். அப்போது கணினி வரவில்லை. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு அட்டை, எடுத்துப்போனவரின் உறுப்பினர் எண் அதில் ஏறும். ஏழு அட்டைகளையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஏழிலும் பொதுவாக வந்த எண் இரண்டு. ஒருவர் கண்பார்வை மங்கி, பேத்தியை வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்கிறவர். அவரிடம் பிளேடை எதிர்பார்க்க முடியாது. மிச்சம் ஒருவர். யாரென்று அப்போதும் சொல்லவில்லை, இப்போதும் சொல்லப்போவதில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது புத்தகத்தைக் கொடுக்கும் முன் கடைசிப் பக்கத்தை அவர் கண்ணெதிரே பிரித்துக் காட்டி, "முழுசா இருக்கு, பார்த்துக்கோங்க" என்றேன். அதோடு நின்றது. எதற்காக அப்படிச் செய்தார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இதில் என் மூளைக்கு ஒரு வேலையும் இல்லை. அட்டைகளைப் பரப்பத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான். நூலகர் துப்பறிவது இப்படித்தான் இருக்கும். எது எங்கே இருக்கிறது, யார் எதை எடுத்துப்போனார், எதைத் திருப்பித் தரவில்லை. 'ரியல் மர்டர்ஸ்' நாவலில் ரோவும் இதைத்தான் செய்கிறாள். புகைக்குழாய் பிடித்துக்கொண்டு சாம்பலை ஆராய்கிற ஆள் இல்லை அவள். பழைய வழக்குகள் அவள் தலைக்குள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. புதிதாக ஒன்று நடந்தால் அது எந்த அடுக்கில் போய் உட்காரும் என்று பார்க்கிறாள். அப்புறம், கவுன்ட்டரில் நிற்பவளிடம் ஜனங்கள் பேசுவார்கள். முத்திரை குத்துகிற நேரத்துக்குள் மருமகளைப் பற்றி, வாடகைத் தகராறைப் பற்றி, பக்கத்து வீட்டு நாயைப் பற்றி எல்லாம் கொட்டிவிட்டுப் போவார்கள். ஹாரிஸுக்கு இது தெரிந்திருக்கிறது. ரோவுக்குக் கிடைக்கும் தடயங்களில் பாதி வம்புப்பேச்சில் வருபவை. உடன்வேலை செய்யும் லில்லியன் என்ற பாத்திரத்தை எங்கள் தொழிலில் இருக்கும் யாரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். எந்தத் துக்கச் செய்தியும் தன் வழியாகத்தான் ஊருக்குப் போகவேண்டும் என்று நினைக்கிற ரகம்.

ஆனால் தொழில்காரியாக ஒரு குறை உண்டு. யார் என்ன படிக்கிறார்கள் என்பது நூலகருக்குத் தெரியும், வெளியே சொல்லக்கூடாது. அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் வகுத்த நெறிமுறையிலேயே வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கவேண்டும் என்பது இருக்கிறது. நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டூயி பகுப்பில் 364.1523 என்பது கொலைக்கான எண். அந்த அடுக்கிலிருந்து எடுக்கிறவர்கள் பெரும்பாலும் மேலே ஒரு சமையல் புத்தகத்தையும் வைத்து மறைத்துக்கொண்டுதான் கவுன்ட்டருக்கு வருவார்கள், நானே பார்த்திருக்கிறேன். ஒரு ஊரில் யாரோ பழைய கொலைகளைப் பார்த்துப் பார்த்துக் கொலை செய்கிறார்கள். அந்தக் கொலைகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்தவர் யார் என்ற பட்டியல் நூலகரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாமா, கூடாதா? போலீஸ் கேட்டால் கொடுக்கலாமா? எவ்வளவு பெரிய கத்தி தலைக்கு மேல் தொங்கியிருக்கவேண்டும்! பத்து நாவலிலும் இந்தக் கேள்வி என்னை உலுக்கும் அளவுக்கு ஒரு இடத்திலும் எழவில்லை. கிடைத்த தங்கத்தை ஹாரிஸ் மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டாவது நாவல் 'எ போன் டு பிக்' (1992). எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சங்கத்தில் இருந்த ஜேன் எங்கிள் என்ற ஓய்வுபெற்ற நூலகர் இறந்துபோகிறார். அவ்வளவு நெருக்கம்கூட இல்லாத ரோவுக்கு வீட்டையும் பணத்தையும் எழுதிவைத்துவிடுகிறார். ஏன் என்று ஊரே கேட்கிறது. ரோ வீட்டைத் திறந்து பார்த்தால் யாரோ உள்ளே புகுந்து எதையோ தேடிக் கலைத்துப் போட்டிருக்கிறார்கள். தேடியவருக்குக் கிடைக்காதது ரோவுக்குக் கிடைக்கிறது. ஜன்னலோரத் திண்ணைப் பெட்டிக்குள் ஒரு மண்டையோடு. ரோ போலீஸுக்குப் போன் செய்வதில்லை. தனக்கு நல்லது செய்த ஒரு கிழவியின் பெயர் கெட்டுப்போகுமே என்று அதை ஒளித்துவைக்கிறாள். இந்த நாவலில் ஜேன் எங்கிள் உயிரோடு வருவதில்லை. ஆனால் அலமாரியில் அவர் அடுக்கி வைத்திருந்த கொலைப் புத்தகங்களையும், பூனையையும், ஒழுங்காக மடித்த போர்வைகளையும் வைத்தே அந்தப் பெண்மணி நம் கண்முன்னால் வந்துவிடுகிறார். அந்த வீட்டுக்குள் ரோ முதன்முதலாக நடந்துபார்க்கும் பக்கங்களை நான் இரண்டு தடவை படித்தேன். செத்துப்போனவரின் வீட்டைத் திறந்து புத்தகங்களைக் கணக்கெடுக்கப் போனவர்களுக்கு அந்த அமைதி தெரியும். நூலகத்துக்கு நன்கொடையாகத் தருகிறோம் என்பார்கள், போவோம், கட்டிலுக்குப் பக்கத்தில் அவர் கடைசியாகப் படித்த புத்தகம் அடையாளக் கயிற்றோடு கிடக்கும்.

வந்த வினை என்னவென்றால், பணம் வந்ததும் ரோ நூலக வேலையை விட்டுவிடுகிறாள். மூன்றாவது நாவலான 'த்ரீ பெட்ரூம்ஸ், ஒன் கார்ப்ஸ்' (1994) அம்மாவின் ரியல் எஸ்டேட் உலகத்துக்குள் போகிறது. விற்பனைக்கு இருக்கும் காலி வீட்டில் பிணம். மார்ட்டின் பார்ட்டெல் என்ற பணக்கார, மர்மமான, வயதில் மூத்த ஆண் வந்து சேர்கிறார். அப்புறம் காதல், அவர் கண்கள், அவர் கார், மறுபடி அவர் கண்கள். வாலஸ் வழக்கு நடந்த அதே 1931இல்தான் நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளும் புத்தகமாக வந்தன. அதில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. இந்த நாவல் அந்த விதியை மீறுகிறது.

நான்காவது, 'த ஜூலியஸ் ஹவுஸ்' (1995), கொஞ்சம் எழுந்து நிற்கிறது. ஒரு குடும்பம் மொத்தமும் ஒரே நாளில் மாயமான வீடு; வருஷங்கள் கழித்து ரோ அங்கே குடிவருகிறாள். அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குக் கடைசியில் வரும் பதில் நியாயமானது, கண்முன்னாலேயே இருந்த பதில். வீடுகளை எழுதும்போதெல்லாம் ஹாரிஸுக்குக் கை கூடிவிடுகிறது. ஐந்தாவதில் தோட்டத்தில் ரோ நிற்கும்போது வானத்தில் போகும் விமானத்திலிருந்து ஒரு பிணம் வந்து விழுகிறது. ஆரம்பம் என்றால் இதுவல்லவா ஆரம்பம் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அத்தனை உயரத்திலிருந்து விழுந்ததற்கு அப்புறம் கதை எழுந்திருக்கவே இல்லை. ஆனால் அதில் ரோ பகுதிநேரமாக நூலகத்துக்குத் திரும்பிவிட்டாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு புத்தகம் அடுக்கும் இரண்டு பக்கங்களுக்காகவே அந்த நாவலை மன்னித்துவிட்டேன்.

ஆறாவதான 'எ ஃபூல் அண்ட் ஹிஸ் ஹனி' (1999) நாவலின் முடிவைச் சொல்லமாட்டேன். எதற்கும் தயாராக இருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். இந்த வகை நாவலில் வாசகரிடம் செய்யக்கூடாது என்று எல்லோரும் நினைக்கிற ஒரு காரியத்தை ஹாரிஸ் செய்திருக்கிறார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். மெத்தென்ற கதை வேண்டும் என்று கேட்டு எடுத்துப்போன வாசகர் ஒருவர் இதைத் திருப்பிக் கொண்டுவந்து மேஜையில் பொத்தென்று வைத்தால் அவர்மேல் எனக்குக் கோபம் வராது. ஏழாவதில் முதல் நாவலின் கொலைகளையே சினிமாவாக எடுக்க ஒரு படக்குழு ஊருக்கு வருகிறது. நல்ல யோசனை, சுமாரான நாவல். எட்டாவதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்த 13 வருஷ இடைவெளிக்கு அப்புறம் வந்த இரண்டையும் படிக்கும்போது ஒரு வேடிக்கை. ரோவுக்கு முப்பதுகளின் நடுவயதுதான் ஆகியிருக்கிறது. ஆனால் உலகம் 1990இலிருந்து 2016க்குத் தாவிவிட்டது. முதல் நாவலில் போன் சுவரில் மாட்டியிருக்கும். இங்கே காணாமல்போன பிள்ளைகளின் செல்போன் எங்கே என்று தேடுகிறார்கள். இடையில் போன காலம் யார் கணக்கில் போனது என்று ஊரில் ஒருத்தரும் கேட்பதில்லை. கோஸி ஊர்களில் காலண்டர் அப்படித்தான் ஓடும், விடுங்கள். கடைசி நாவலில் ரோவுக்குக் கைக்குழந்தை. குழந்தை அழும் ராத்திரியில் வீட்டு முற்றத்தில் ஒரு பிணம். தூக்கம் கெட்ட தாயின் அரைமயக்கத்தை ஹாரிஸ் நன்றாகப் பிடித்திருக்கிறார். கொலைகாரரைப் பிடித்ததுதான் அவசரம்.

அமெரிக்காவின் ஹால்மார்க் மூவீஸ் அண்ட் மிஸ்டரீஸ் சேனல் 2015இலிருந்து இந்த வரிசையைத் தொலைக்காட்சிப் படங்களாக எடுத்தது. இரண்டு பார்த்தேன். எல்லோரும் மிகச் சுத்தமாக இருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு புத்தகம்கூடக் கோணலாக இல்லை. அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

நூலகரே எழுதியதுதான் வேண்டும் என்பவர்களுக்கு மிராண்டா ஜேம்ஸ் என்ற புனைபெயரில் 2010இலிருந்து வரும் இன்னொரு வரிசை இருக்கிறது. எழுதும் டீன் ஜேம்ஸ் நிஜத்திலும் நூலகராக வேலை பார்த்தவர். அதில் துப்பறிகிற நூலகர் ஒரு ஆண், கூடவே டீசல் என்ற பெரிய பூனை. புத்தகங்களைப் பட்டியலிடும் கேட்டலாகிங் வேலை அங்கே கச்சிதமாக இருக்கிறது. கதை எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரவழைத்தது. ரோவிடம் அது கிடையாது. அவள் பொறாமைப்படுவாள், பழைய காதலன் இன்னொருத்தியைக் கல்யாணம் செய்துகொள்வதைப் பார்த்துப் புழுங்குவாள், கைக்கு வந்த பணத்தை நினைத்து வெட்கமில்லாமல் சந்தோஷப்படுவாள். அதனால்தான் பிணம் விழாத பக்கங்களையும் படிக்க முடிகிறது.

வாங்குவதாக இருந்தால் முதல் இரண்டும் கட்டாயம், நான்காவது முடிந்தால். ஆறாவதுக்கு முன்னால் மூன்றையும் ஐந்தையும் வேகமாகப் புரட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த அடி சரியாக விழாது. ஆங்கிலம் எளிமை, ஒவ்வொன்றும் சின்னப் புத்தகம். வரிசை மாற்றிப் படிக்கவேண்டாம், யார் யாருடைய கணவர் என்று குழம்பிப்போவீர்கள்.

அந்தப் பென்சில் கோட்டைச் சொல்லாமல் விட்டுவிட்டேனே. நாவல் முழுக்க அந்த ஒரு பெயர்மீதே என் கண். அவர் சிரித்தால் சந்தேகம், காபி கொடுத்தால் சந்தேகம், அனுதாபம் சொன்னால் அப்பப்பா என்ன நடிப்பு என்று பல்லைக் கடித்தேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்தால் அவருக்கும் கொலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கோடு போட்ட புண்ணியவான் முதல் அத்தியாயத்திலேயே ஊகம் செய்து, தப்பாகச் செய்து, அழிக்கவும் மறந்துபோயிருக்கிறார். அல்லது வேண்டுமென்றே போட்டாரோ என்னவோ. வழக்கமாகத் திரும்பி வரும் புத்தகங்களில் பென்சில் குறியைப் பார்த்தால் ரப்பரை எடுத்து அழித்துவிட்டுத்தான் அடுக்குவேன். இதை அப்படியே அடுக்கிவிட்டேன்.